மல்லிகா குதிக்கவில்லை

சென்ற செவ்வாய்க்கிழமை என் கிளினிக்குக்கு ஒரு கிராணி வந்தார். கப்பல் கம்பெனியில் கணக்கு எழுதும் வேலை. நாற்பது வயது, வெள்ளைச் சட்டை, டை எல்லாம் உண்டு. காது வலி என்றார். பார்த்து முடித்ததும், "மேசையிலிருந்து கொஞ்சம் குதிங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே...

"டாக்டர், எனக்குக் காதுதான் வலிக்குது லா."

தெரியும். ஆனாலும் வாய் சொல்லிவிட்டது. மூன்று மாதமாக எனக்கு இந்த வியாதி. மேசையில் யார் உட்கார்ந்தாலும் குதிக்கச் சொல்கிறேன். மருந்து கலக்கிக் கொடுக்கும் எங்கள் டிஸ்பென்சர் அந்தோணி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிக்கிறார். காரணத்தை அந்தக் கிராணியிடம் நேரில் சொல்லத் தைரியம் வரவில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன்.

பள்ளிக்கூட லீவு முடிகிற வாரம் சிராங்கூன் ரோட்டுப் பக்கம் எப்படி இருக்கும் தெரியுமா? விளக்கெண்ணெய் வாரம்! ஸ்கூல் திறப்பதற்குள் பிள்ளைகளுக்கு வயிறு சுத்தமாக வேண்டும். வீட்டுக்கு வீடு மூக்கைப் பிடித்து ஊற்றுகிறார்கள். மறுநாள் அத்தனை பிள்ளைகளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு என் கிளினிக் பெஞ்சில்.

பெரும்பாலும் எண்ணெய் செய்கிற வேலைதான். ஆனால் நடுவில் ஒரு பிள்ளைக்கு அப்பெண்டிக்ஸ் என்றால்? வீங்கிய குடல்வாலுக்கு விளக்கெண்ணெய் ஆகவே ஆகாது. உள்ளேயே வெடித்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் வயிற்று வலிதான். என்னிடம் இருப்பதோ ஒரு தெர்மாமீட்டர், ஒரு ஸ்டெதஸ்கோப், பத்து விரல்.

அதனால்தான் குதிக்கச் சொல்வேன். எண்ணெய் வயிறு என்றால் பிள்ளை தொப்பென்று குதித்துவிட்டு பிஸ்கட் கேட்கும். அப்பெண்டிக்ஸ் என்றால் குதிக்காது. உடம்பு அதிர்ந்தால் வலியில் உயிர் போகும்.

சந்தேகப்பட்ட எல்லாரையும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். இந்த முறை எண்ணெய் வாரத்துக்கு முந்தின வாரம் அப்படித்தான் ஒரு பிள்ளையை அனுப்பினேன். வயிற்றில் பூச்சி! அங்கிருந்து ஒரு சின்ன டாக்டர் போன் செய்து, "பூச்சிக்கெல்லாம் ஆம்புலன்ஸா, டாக்டர்?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குள் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

இந்த நிலையில்தான் அந்தச் சனிக்கிழமை காலை மல்லிகா வந்தாள். ஏழு வயது. அப்பா கோவிந்தன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். தோ பாயோ கம்பம் என்கிற குடிசைக் கிராமத்திலிருந்து தூக்கிக்கொண்டு வந்திருந்தார்.

"நேத்து எண்ணெய் குடுத்தோம் டாக்டர். ஒரு வாட்டி வாந்தி எடுத்தா. வயிறு வலிக்குதுங்கிறா."

அமுக்கிப் பார்த்தேன். லேசான காய்ச்சல். வெளியே மற்ற பிள்ளைகள் ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். இவள் அழவில்லை. கூரையையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

"எண்ணெய் வேலைதான். தண்ணி மட்டும் குடுங்க. சாயந்திரத்துக்குள்ள வலி நிக்கலைன்னா கொண்டாங்க" என்றேன். கோவிந்தன் அவளைத் தூக்கிக்கொண்டு போனார்.

எட்டு நோயாளிகள் போயிருப்பார்கள். ஒரு குண்டுப் பையன் மேசையிலிருந்து குதித்தான். அலமாரியில் பாட்டில்கள் எல்லாம் கலகலத்தன.

அப்போதுதான் உறைத்தது. மல்லிகா குதிக்கவில்லை. நான் குதிக்கச் சொல்லவே இல்லை. அப்பாதான் தூக்கி இறக்கினார்... ஸ்டெதஸ்கோப்பைப் பையில் போட்டுக்கொண்டு கார் சாவியை எடுத்தேன்.

"இருபது பேர் உக்காந்திருக்காங்க டாக்டர், எங்க கிளம்பிட்டீங்க?" என்றார் அந்தோணி.

"ஒரு பிள்ளையைக் குதிக்கச் சொல்ல மறந்துட்டேன்."

அன்று அவர் சிரிக்கவில்லை. மல்லிகாவின் நோயாளி அட்டையைத் தேடி எடுத்துக் கொடுத்தார். விலாசம்: தோ பாயோ கம்பம், பெரிய கிணறு பக்கம். அவ்வளவுதான்.

வழியெல்லாம் எனக்குள் சண்டை. சாயந்திரம் வரச் சொல்லியிருக்கிறாயே, போதாதா? இதுவும் பூச்சியாக இருந்தால்? இல்லாவிட்டால்? கம்பத்துச் சேற்றில் கார் நின்றுவிட்டது. பலகைமேல் நடந்தேன். அங்கே நாலு கிணறு. ஒவ்வொருவரும் தங்கள் கிணற்றைத்தான் பெரிய கிணறு என்கிறார்கள்!

கடைசியில் வாசலில் கோவிந்தனைப் பார்த்தேன். முகமெல்லாம் சிரிப்பு.

"என்ன டாக்டர், இவ்வளவு தூரம்! வலி நின்னுடுச்சு! அரை மணி நேரமா சத்தமே இல்ல. எல்லாம் உங்க கைராசி!"

நல்ல செய்திதானே என்பீர்கள். எனக்கு இல்லை. குடல்வால் வெடிக்கும்போது வலி சட்டென்று நின்றுவிடும். கொஞ்ச நேரத்துக்கு. அதற்கப்புறம் வருவதுதான் பயங்கரம்.

உள்ளே மல்லிகாவின் அம்மா ஒரு கையில் ஸ்பூனும் மறு கையில் பாட்டிலுமாக உட்கார்ந்திருந்தார். "நேத்து சரியாப் போகல போல. இன்னும் கொஞ்சம் குடுத்துடலாம்னு..."

"வேணாம்!" என்று கத்தினேன். ஒரு நோயாளியின் வீட்டில் நான் அப்படிக் கத்தியதே இல்லை.

மல்லிகா முழங்காலை மடக்கிக்கொண்டு அசையாமல் படுத்திருந்தாள். வயிற்றைத் தொட்டேன். பலகை மாதிரி விறைத்திருந்தது.

"வலி எப்பம்மா ஆரம்பிச்சது?"

"வியாழக்கிழமை சாயந்திரமே டாக்டர். அதுக்கும் சேத்துத்தானே எண்ணெயே குடுத்தோம்."

வலி முந்தியா, எண்ணெய் முந்தியா? காலையில் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். அதையும் நான் கேட்கவில்லை.

கோவிந்தன் அவளைத் தூக்கிக்கொண்டு வந்தார்; அக்கம்பக்கத்தார் காரைச் சேற்றிலிருந்து தள்ளிவிட்டார்கள். அம்மா மடியில் தலை, பின் சீட்டில் உடம்பு. ஒவ்வொரு பள்ளத்திலும் காரை மெல்ல இறக்கி ஏற்றினேன். அழு, மல்லிகா, அழேன் என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டே ஓட்டினேன். அவள் அழவில்லை.

உடனே ஆபரேஷன். அறுவை டாக்டர் வெளியே வந்து, "வெடிச்சிருக்கு. இன்னும் லேட் ஆகியிருந்தா..." என்று பாதியில் நிறுத்தினார். நானும் டாக்டர்தானே, மீதி எனக்குத் தெரியும். பத்து நாள்வரை, பிழைப்பாளா மாட்டாளா என்று யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. நானும் கேட்கப் பயந்தேன்.

கோவிந்தனிடம் சொல்லிவிட்டேன். "காலையிலேயே நான் அனுப்பியிருக்கணும். என் தப்பு."

"எண்ணெய் குடுத்தது நாங்கதானே டாக்டர்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அந்த மௌனம் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது. அதுதான் நியாயம் என்றும் தோன்றுகிறது.

டாக்டர் என்றால் எல்லாம் தெரிந்தவர் என்று நினைக்கிறீர்கள். உண்மையில், "ஒண்ணுமில்ல, போயிட்டு வாங்க" என்று நான் சொல்லி அனுப்புகிற ஒவ்வொருவர் பின்னாலும் என் பயமும் கூடவே போகிறது. அவர்கள் பஸ் ஏறிப் போய்விடுவார்கள். பயம் மட்டும் திரும்பி வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆனால், பூச்சி என்று சிரிப்பார்களோ என்ற வெட்கம் அன்று அந்தப் பயத்தின் வாயையும் அடைத்துவிட்டது. எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை மல்லிகா வந்தாள். தழும்பு நன்றாக ஆறியிருந்தது. மேசைமேல் எழுந்து நின்றாள். அந்தோணிதான் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

"குதிக்கவா டாக்டர்?"

வேண்டாம் என்று வாய்வரை வந்தது. இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றேன். தொப்பென்று குதித்தாள். பாட்டில்கள் கலகலத்தன.

"பிஸ்கட்?" என்றாள்.

கிராணி சார், விஷயம் இதுதான். காது தேவலையா?