காணாமற்போன நீளச் செய்திகளும் கோமதியும்

வைட்டிலா பஸ் நிலையத்தில் பஸ் மாறுவதற்காக நின்றிருந்தபோது கோமதியின் தம்பி போன் செய்தார். "அக்கா போயிட்டா, சேட்டா. காலைல நெஞ்சு வலி. ஆஸ்பத்திரி போய்ச் சேர்றதுக்குள்ள..." என்றார். என் பஸ் வந்தது, போனது. அடுத்ததும் போனது. ஏறவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் அந்த நிலையத்துக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தேன். பள்ளுருத்தி வீட்டில் கோமதியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்த பிறகும் தவிப்பு அடங்கவில்லை. கோமதி அசையாமல் இருந்து, அவரைத் தெரிந்த நம்மில் யார் பார்த்திருக்கிறோம்?

எண்பதுகளின் கடைசியில், மட்டாஞ்சேரியில் ஒரு மிளகு ஏற்றுமதி நிறுவனத்தின் கணினிப் பிரிவில் நானும் அவரும் வேலை பார்த்தோம். அவரது அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து நகராட்சி வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர். கோமதி தமிழில் பேசுவார், மலையாளத்தில் எழுதுவார், இரண்டிலும் சண்டை போடுவார். நின்றுகொண்டேதான் தட்டச்சு செய்வார். சாயா ஆறும்வரை பொறுத்திருந்து அவர் குடித்ததில்லை.

எங்கள் கணினியையும், வில்லிங்டன் தீவிலிருந்த கிடங்கின் கணினியையும் ஒரு தனி லைன் இணைத்தது. செய்தி அனுப்ப எளிய முறை ஒன்றை வைத்திருந்தோம். எதிர்முனை தயாரா என்று முதலில் கேட்பதில்லை, வந்து சேர்ந்ததா என்று பிறகும் கேட்பதில்லை. செய்தியைப் பாக்கெட் என்ற பொட்டலமாக்கி அனுப்பிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். சின்னச் செய்திகள் ஒழுங்காகப் போயின. நீளமானவை அவ்வப்போது காணாமற்போயின. மழை, லைன் சரியில்லை என்று எல்லோரும் சொல்லிக்கொண்டோம். கோமதி மட்டும் ஒரே செய்தியைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டி ஒரு பகல் முழுக்க அனுப்பிப் பார்த்தார்.

"மழ இல்ல சேட்டா, நீளம்தான் பிரச்சன. நம்ம ஆபீஸ் கேபிள் பெரிய பாக்கெட்ட தாங்கும், தீவுக்குப் போற லைன் தாங்காது. வழியிலயே துண்டு போட்டு அனுப்புது. அதுல ஒரு துண்டு காணாமப் போனா, வந்து சேந்த மத்த துண்டையும் அங்க உள்ள மெஷின் தூக்கிப் போட்டுடுது. நமக்கு ஒரு வார்த்த சொல்றதில்ல."

ஏற்றுமதி நெருக்கடி முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்றார் மேலாளர்.

அந்த வாரமே, தீவுக் கிடங்கில் மிளகு மூட்டைகளுக்குப் பூச்சி பிடிக்காமலிருக்க வெளியாட்கள் வந்து விஷப்புகை போட்டு மூடியிருந்தார்கள். எந்தெந்த மூட்டைகள் என்ற நீண்ட விவரமும், கடைசி வரியில் கதவைத் திறக்கக் கூடாது என்ற எச்சரிக்கையும் மாலையில் இங்கிருந்து போயின. மறுநாள் காலை வந்ததும் கோமதி, "நேத்து அனுப்பினது கிட்டியோ?" என்று ஒரு வரி அனுப்பினார். "ஏது மெசேஜ்?" என்று பதில் வந்தது. உடனே, கதவைத் திறக்காதே என்று அனுப்பினார். அதற்குப் பதிலே இல்லை. தொலைபேசி எங்கேஜ்டாகவே இருந்தது.

"பாத்திருப்பாங்க, இரு" என்றேன்.

"பாக்கலன்னா?" என்று கேட்டபடியே படியிறங்கிவிட்டார். நானும் பின்னால் ஓடினேன். தீவுக்குப் போகும் தோப்பும்படி பாலத்தில் எங்கள் ஆட்டோ லாரிகளுக்கிடையே மாட்டிக்கொண்டது. கோமதி இறங்கி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடத் தொடங்கினார்.

நான் போய்ச் சேர்ந்தபோது கிடங்குக் கதவு திறந்திருந்தது. அதில் ஒட்டியிருந்த எச்சரிக்கைத் தாளை மழை கரைத்துவிட்டிருந்தது. சுமைதூக்குபவர்களை எட்டப் போகச் சொல்லிக் கோமதி கத்திக்கொண்டிருந்தார். அவர்களில் முதலில் உள்ளே போன பத்ரோஸ் சேட்டன், கோமதியின் குரல் கேட்டுத் திரும்பி, வாசல்வரை வந்து விழுந்திருந்தார். வாந்தி எடுத்துக்கொண்டிருந்தவரை எங்கள் ஆட்டோவிலேயே ஏற்றிப் போனோம். அவர் பிழைத்தார். கிடங்கு அலுவலகத்தின் திரையில் அந்த ஒற்றை வரி யாரும் பார்க்காமல் கிடந்ததாகப் பிறகு சொன்னார்கள்.

இனி எல்லோரும் செய்தியைச் சுருக்கி எழுத வேண்டும் என்று உத்தரவு போடப் பார்த்தார் மேலாளர். கோமதி அவர் மேசைக்கு எதிரே நின்று சொன்னது நன்றாக நினைவிருக்கிறது: "மனுஷன் சொல்ல வேண்டியத முழுசா சொல்லட்டும் சார். வெட்டி அனுப்புறது நம்ம வேல." லைன் தாங்கும் அளவுக்குச் செய்தியை நாங்களே பிரித்து, துண்டுகளுக்கு வரிசை எண் கொடுத்து, வராத துண்டை மட்டும் எதிர்முனை மறுபடி கேட்டு வாங்கும்படி நிரலை மாற்றி எழுதினார். அதன் பிறகு நீளச் செய்திகள் காணாமற்போகவில்லை. நாங்கள் நிம்மதியானோம்.

கோமதிக்கு நிம்மதி வரவில்லை. பத்ரோஸ் சேட்டனுக்கு மூச்சு பழையபடி திரும்பவில்லை, சுமை தூக்க முடியாது என்று தெரிந்ததும், கோமதி மேலாளர் அறை வாசலில் தினமும் போய் நின்றார். "சரியாக்கிட்டோம்னு நீங்க சொல்றீங்க. அவருக்கு எது சரியாச்சு?" என்று என்னிடமே சண்டைக்கு வந்தார். கடைசியில் பத்ரோஸ் சேட்டனுக்குக் காவலாளி வேலை கிடைத்தது. அவர் ஓய்வு பெற்றுக் கும்பளங்கிக்குப் போன பிறகும், கோமதி அடிக்கடி போய்ப் பார்த்து வந்தார்.

ஒரு பிழையைத் திருத்தியதும் அது முடிந்த விஷயம் என்று என்னால் இன்று மேசையை விட்டு எழுந்துவிட முடிவதில்லை. அதில் அடிபட்டவர் யார், இப்போது எப்படியிருக்கிறார் என்று மனம் அரிக்கிறது. கோமதியிடமிருந்து என்னிடம் தங்கிவிட்ட அரிப்பு இது. அது போகவும் வேண்டாம்.

பத்ரோஸ் சேட்டன் அஞ்சலிக்கு வரவில்லை. அவரிடம் போன் கிடையாது. கோமதியின் வீட்டாருக்கு அவரைத் தெரியாது. கோமதி போய்விட்ட செய்தியை அவருக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை. நாளைக் காலை நான் கும்பளங்கிக்குப் போகிறேன்.