திரைக்கு வெளியே ஒரு கேள்வி

ஊரில் யார் வீடு கட்டினாலும் பிளான் வரைந்து கொடுப்பது என் வீட்டுக்காரர்தான். வரைவது மாடி வீடுகள்; மேசையில் இருப்பதோ கையகல மானிட்டர். போன வாரம் லினக்ஸ் கம்ப்யூட்டரில் என்னவோ ஒரு வரியைத் தட்டி, டெஸ்க்டாப்பைத் திரையைவிட இரண்டு மடங்கு அகலமாக்கிவிட்டார். மவுஸை ஓரத்தில் கொண்டுபோய் இடித்தால் படம் நகர்ந்து, மறைந்திருக்கும் பாதி தெரியும். மனிதருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

நேற்று மத்தியானம் எதைத் தட்டினாலும் வரைபடம் அசையவில்லை. "சனியன், உயிரை வாங்குது!" என்று மேசையைக் குத்தினார். காலையில் கேட்டதையே நான் மறுபடி கேட்டேன்.

"மருந்துக் கடையில வேலைக்குக் கூப்பிடுறாங்க. சேர்ந்துடட்டுமா?"

"கொஞ்சம் இரு. இதுவே ஸ்டக் ஆயிடுச்சு."

கொண்டுவந்த டீயை வைக்க இடமில்லை. மவுஸை ஓரமாகத் தள்ளினேன். படமும் கூடவே நகர்ந்தது. அங்கே, இத்தனை நேரம் கண்ணில் படாமல், ஒரு சின்னப் பெட்டி நின்றிருந்தது. மாற்றங்களைச் சேமிக்கவா, வேண்டாமா என்று அது கேட்டிருந்தது.

"அடடா! ஸ்டக் ஆகலை. பதிலுக்குல்ல காத்துக்கிட்டு இருந்திருக்கு, பாவம்!" என்று உருகிப்போனார். உடனே சரி என்று அழுத்தினார். வரைபடம் அசைந்தது, அவரும் அதற்குள் போய்விட்டார்.

டீ ஆறும்வரை பொறுத்துப் பார்த்தேன். பிறகு சுழல் நாற்காலியின் முதுகைப் பிடித்து, அவரை என் பக்கம் திருப்பினேன்.

"இதுவும் ஸ்டக் ஆகலை," என்றேன், என்னைக் காட்டி.