அரைவயிற்றுக் கார்

பள்ளங்கி மலைக்கிராமத்துச் சேனாதிபதிக்கு ஓட்டுநர் உரிமம் கிடைத்தபோது வயது ஐம்பத்தொன்று. அதற்கு முன் அவர் ஓட்டியதெல்லாம் குதிரைகள்தான். அதுவும் ஏறி அமர்ந்து அல்ல, கூடவே நடந்து. தார்ச்சாலை வராத காலத்தில், சரிவுத் தோட்டங்களில் விளைந்த பூண்டையும் உருளைக்கிழங்கையும் பீன்ஸையும் லாரி நிற்கிற இடத்துக்குச் சுமந்து வந்தவை பொதிக்குதிரைகள். இருபத்தாறு வருஷம் அவர் ஒரு குதிரையின் வாலைப் பார்த்துக்கொண்டே மலையேறினார். பிறகு சாலை வந்தது, குதிரைகள் போயின. மிச்சமிருந்தது ஒன்றேகால் ஏக்கர் பூண்டுத் தோட்டமும், மேடு பள்ளம் பற்றி அவருக்குள் ஊறிப்போயிருந்த சில முடிவுகளும்.

அந்த முடிவுகளில் தலையானது இது: மேடேறப் போகிற உயிருக்கு வயிறு முட்டத் தண்ணீர் காட்டக் கூடாது. தொண்டை நனைகிற அளவு போதும். மீதியை மேலே போய்க் கொடுத்துக்கொள்ளலாம்.

மகள் லாவண்யாவைப் பழனியில் கட்டிக்கொடுத்த அடுத்த மாதம், திண்டுக்கல்லில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவரிடமிருந்து பச்சை நிறப் பழைய கார் ஒன்றை வாங்கினார். எதற்குக் கார் என்று ஊரில் கேட்டார்கள். "சும்மா, போக வர" என்றார். அவர் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. லாவண்யா வயிற்றில் இருந்தபோது, மனைவி சண்முகவள்ளிக்கு வலி கண்டதும், வழியில் வந்த கேரட் லாரியை மறித்துக் கெஞ்சி மூட்டைகளுக்கு மேல் அவளைப் படுக்க வைத்துத்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். டிரைவர் நல்ல மனிதன், மெதுவாகத்தான் ஓட்டினான். ஆனாலும் ஒவ்வொரு பள்ளத்திலும் அவள் முனகியது சேனாதிபதியின் காதில் அப்படியே இருந்தது. அந்த லாரி வேறு யாருடையதோ என்பதும் மனதில் இருந்தது.

காரை அவர் குதிரையைப் போலவே வைத்துக்கொண்டார். காலையில் ஈரச்சாக்கால் முதுகு துடைத்துவிடுவார். கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போது ஸ்டியரிங்குக்கு மேலே இரண்டு தட்டு தட்டி, குதிரையிடம் சொல்வதுபோல் "அவ்வளவுதான், இன்னும் ஒரு மேடு" என்பார். பெட்ரோலும் அப்படித்தான். ஊருக்குள் சுற்ற ஒன்றரை, இரண்டு லிட்டர். பழனிக்குப் போய்த் திரும்புவதென்றால் அடிவாரத்தில் கணக்காக ஐந்து லிட்டர். மலைமேல் வந்து சேரும்போது டேங்க் காய்ந்திருக்க வேண்டும், அதுதான் அழகு. பெட்ரோல் முள் எந்நாளும் சிவப்புக் கோட்டைவிட்டு எழுந்ததே இல்லை.

ஆனால் கார் அடிக்கடி நின்றது. பழனிச் சாலையில் சவரிக்காடு தாண்டியதும் திணற ஆரம்பிக்கும். இரண்டு குலுக்கு குலுக்கி அணைந்துவிடும். சேனாதிபதி பதற மாட்டார். மெல்லப் பின்னால் உருட்டிச் சமமான இடத்தில் நிறுத்துவார், பானெட்டைத் திறந்து காற்றாட விடுவார், ஒரு பீடி புகைத்து முடிப்பார். சாவியைத் திருப்பினால் கார் கிளம்பிவிடும். இளைத்த உயிர், இளைப்பாறியதும் எழுந்து நடக்கிறது. இதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? ஒவ்வொரு முறை நின்று கிளம்பும்போதும் அவருடைய முடிவு இன்னும் உறுதியானது.

பெருமாள்மலையில் பட்டறை வைத்திருக்கும் சுப்புராஜ்தான் காருக்கு வைத்தியன். பில்டர் மாற்றினான், பிளக் மாற்றினான், ஏதோ சென்சார் என்று மதுரையிலிருந்து வரவழைத்து மாட்டினான். பட்டறை வாசல் சமதளம். அங்கே சுற்றி ஓட்டிப் பார்த்தால் கார் குறை சொல்ல முடியாதபடி ஓடும்.

"எனக்குத் தெரிஞ்சதெல்லாம் பாத்துட்டேண்ணே. இதுக்கு மேல மந்திரிக்கத்தான் செய்யணும்" என்று கைவிரித்தான்.

இதற்கிடையில் பள்ளங்கித் திருவிழாவுக்குச் சம்பந்தி முருகவேலைக் கூட்டிவரப் போய், கார் வழியில் ஏழு இடத்தில் நின்றது. பழனிக் கோயில் அடிவாரத்தில் பூஜைச் சாமான் கடை வைத்திருக்கும் பெரிய மனிதர், பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மூன்று இடத்தில் தள்ளினார்.

இப்போது லாவண்யாவுக்கு ஏழாம் மாதம். பழனியில் வளைகாப்பு முடிந்ததும் தாய்வீட்டுக்குக் கூட்டிவர வேண்டும். முருகவேல் போனில் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

"பொண்ணை அனுப்ப எனக்கு ரொம்ப சந்தோஷம் சம்பந்தி. ஆனா உங்க வண்டி வேண்டாம். அன்னைக்குத் தள்ளுனது இன்னும் இடுப்புல கெடக்கு."

"அது நிக்கலைங்க. எளைப்பாறுது."

"ஏழு தடவையா? நான் கடையில அத்தன தடவ எளைப்பாறுனா, முருகனே வேற கடை பாத்துருவாரு."

சண்முகவள்ளியும் அந்தப் பக்கம்தான். "பிள்ளத்தாச்சிப் பொண்ணுங்க. டாக்ஸியில வந்துட்டுப் போவோமே. இதுல என்ன கொறஞ்சு போகுது?"

சேனாதிபதி தோட்டத்துக்குக் கிளம்பினார். அன்று முழுக்கப் பூண்டுப் பாத்தியில் களையெடுத்துக்கொண்டிருந்தார், களை இல்லாத இடத்திலும்.

மருமகன் கோகுல்தான் வழி கண்டுபிடித்தான். லாவண்யா அப்பாவின் காரிலேயே வருவாள். பின்னாலேயே ஒரு டாக்ஸியும் வரும். கார் ஒரே ஒரு தடவை நின்றாலும் அவள் இறங்கி டாக்ஸியில் ஏறிவிட வேண்டும். முருகவேல் ஒத்துக்கொண்டார். சேனாதிபதியும் தலையாட்டினார். ஆனால் அறுபது கிலோமீட்டருக்கு மேல் மலைச் சாலை, ஒரு தடவைகூட நிற்காமல். கார் வாங்கிய மூன்று வருஷத்தில் ஒரு நாளும் நடக்காதது.

வளைகாப்பன்று பெண்கள் உள்ளே வளையல் அடுக்கிக்கொண்டிருக்க, ஆண்கள் வாசல் பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள். கோகுல் காரைக் கழுவிக்கொண்டு வந்து நிறுத்தினான். சாவியைக் கொடுக்கும்போது தயங்கியபடி சொன்னான்.

"மாமா, அப்படியே பங்க்குக்குப் போயி டேங்க்கை ஃபுல் பண்ணிட்டேன்."

"ஃபுல்லுன்னா?"

"வாய் வரைக்கும். வழியில பெட்ரோலுக்குன்னு நிக்க வேண்டாம்ல."

சேனாதிபதிக்கு முகம் வெளுத்துவிட்டது. மருமகனைத் திட்ட முடியாது. மரியாதைக்குச் செய்திருக்கிற காரியம். "நல்லது மாப்பிள்ளை" என்று சிரித்து வைத்துவிட்டு, கொல்லைப்புறம் போனார். செடிக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாயில் ஒரு முழம் அறுத்தெடுத்தார். ஒரு பழைய எண்ணெய் டின்னும் கிடைத்தது. காரின் பின்பக்கம் குத்த வைத்து உட்கார்ந்து குழாயை டேங்குக்குள் விட்டார். பாதி வழியில் அது எதிலோ முட்டிக்கொண்டு நின்றது. திருகினார், முறுக்கினார், வாயை வைத்து உறிஞ்சினார். நாற்றம்தான் வந்தது.

"அப்பா, என்ன செய்றீங்க?"

இரண்டு கையும் முழங்கை வரை வளையல்களோடு லாவண்யா நின்றுகொண்டிருந்தாள். கன்னத்தில் சந்தனம். காற்றாட வெளியே வந்தவள்.

"ஒண்ணுமில்ல தாயி. கொஞ்சம் பாரத்தை எறக்கலாம்னு..."

"மாமனார் பாத்தா என்ன நெனைப்பாரு? சம்பந்தி பெட்ரோல் திருடுறாருன்னு ஊருக்கே சொல்லுவாரு."

"மேடு ஏறணும்ல ஆத்தா. வயித்தை நெரப்பிக்கிட்டு எப்படி ஏறும்?"

அவள் தன் வயிற்றைப் பார்த்தாள், பிறகு அப்பாவைப் பார்த்தாள். "நான் ஏறலையா? எந்திரிங்க, நேரமாகுது."

ஒரு மணிக்குக் கிளம்பினார்கள். முன்னால் கோகுல், பின்னால் லாவண்யாவும் சண்முகவள்ளியும், மடியில் கட்டுச்சோற்றுப் பாத்திரங்கள். அவர்களுக்குப் பின்னால் வெள்ளை டாக்ஸி. அதன் டிரைவர் பழனிமுத்து பேசிச் சிரிக்கிற ஆள்தான். ஆனால் கண்ணாடியில் அவன் முகம் தெரிந்தபோதெல்லாம், காரின் உயிர் போவதற்காகக் காத்திருக்கிறவனைப் போலவே சேனாதிபதிக்குப் பட்டது.

வரதமாநதி அணை தாண்டி ஏற்றம் தொடங்கியது. ஒரு வளைவு, அடுத்த வளைவு. சேனாதிபதியின் காது முழுக்க இன்ஜினுக்குள் இருந்தது. சவரிக்காடு வந்தது. வழக்கமாகத் திணறுகிற முதல் மேட்டில் பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தார். கார் ஏறிவிட்டது. அடுத்த மேட்டிலும் ஏறிவிட்டது. அவருக்கு நிம்மதி வரவில்லை, பயம்தான் கூடியது. களைப்பை எங்கேயோ சேர்த்து வைத்துக்கொண்டு மொத்தமாகப் படுத்துவிடப் போகிறது என்று நினைத்தார்.

வடகவுஞ்சிப் பிரிவை நெருங்கும்போது லாவண்யா முன்சீட்டைத் தொட்டாள். "அப்பா, நிறுத்துங்க. குமட்டுது."

நல்ல ஏற்றம். சமதளம் என்று சொல்ல அங்கே ஒரு பாய் அகலம்கூட இல்லை. இந்த மாதிரி இடத்தில் இன்ஜினை அணைத்தால் பிறகு என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். ஓட விட்டபடியே நிறுத்தலாம். ஆனால் புகை நாற்றம்தானே அவளுக்குக் குமட்டுகிறது. கண்ணாடியில் பார்த்தார். மகளின் மேலுதட்டில் வியர்வை பூத்திருந்தது. ஓரம்கட்டிக் கைப்பிரேக்கை இழுத்துச் சாவியைத் திருப்பி அணைத்தார். டயருக்கு அடியில் கல் வைக்க கோகுல் இறங்கி ஓடினான்.

டாக்ஸியும் நின்றது. பழனிமுத்து இறங்கி வந்து, தன் காரின் பின்கதவை அகலத் திறந்து வைத்தான். "வாங்கக்கா, ஏசி போட்டே வச்சிருக்கேன். நின்னுருச்சா அண்ணாச்சி?"

"நிக்கல தம்பி. பிள்ளைக்கு மயக்கமா இருக்குன்னு நாந்தான் நிறுத்துனேன்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க."

லாவண்யா சாலையோரக் கல்லில் உட்கார்ந்து அம்மா கொடுத்த எலுமிச்சையை முகர்ந்தாள். மூடுபனி மரங்களுக்கு இடையில் இறங்கிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் முகம் தெளிந்து எழுந்தாள். டாக்ஸியின் திறந்த கதவைப் பார்த்தாள். அப்பா பச்சைக் காரின் பக்கத்தில், அதை ஒருவரும் குறை சொல்லிவிடக் கூடாது என்பது போல முதுகைக் காட்டி நின்றார்.

"அண்ணே, கதவைச் சாத்திருங்க. குளிருது" என்று பழனிமுத்துவிடம் சொல்லிவிட்டு, அவள் பச்சைக் காரிலேயே ஏறிக்கொண்டாள்.

சேனாதிபதி சாவியில் கை வைத்தார். ஒன்றும் கும்பிடவில்லை, தட்டிக்கொடுக்கவும் இல்லை. திருப்பினார். முதல் திருப்பிலேயே இன்ஜின் பிடித்துக்கொண்டது. கோகுல் கல்லை எடுத்துவிட்டு ஓடிவந்து ஏறினான். கார் முன்னால் போனது.

பெருமாள்மலையில் சுப்புராஜ் ஸ்பானரோடு சாலைக்கே வந்துவிட்டான். "எங்கண்ணே நின்னுச்சு? போன் வரும்னு காலையிலருந்து சாப்பிடாமக் கெடக்கேன்."

"எங்கயும் நிக்கல."

"அப்ப என்ன மாத்துனீங்க? வேற பட்டறைக்குப் போனீங்களா?" அவன் குரலில் வருத்தம் இருந்தது.

"ஒண்ணும் மாத்தல சுப்பு. மாப்பிள்ளை பெட்ரோல் ஊத்திட்டாரு. வாய் வரைக்கும்."

சுப்புராஜ் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான். பெட்ரோல் முள் பாதிக்கு மேலே நிமிர்ந்து நின்றது. "இந்த முள்ளு வேலை செய்யுதா?"

"அதுக்கென்ன?"

"எந்நேரமும் கீழேயே கெடந்துச்சு. செத்துப்போன முள்ளுன்னுல்ல நெனச்சேன்!" ஸ்பானரோடு நெற்றியில் தட்டிக்கொள்ளப் போய், நல்லவேளை கையை மாற்றிக்கொண்டான். "அண்ணே, டேங்க்குக்குள்ள ஒரு மோட்டார் இருக்கு. அதுதான் பெட்ரோலை மேல தள்ளுது. அது பெட்ரோல்ல முங்கிக் கெடக்கணும். முங்கிக் கெடந்தாத்தான் சூடாகாது. நீங்க அடியில ஒரு சொட்டை வச்சுக்கிட்டு மேட்டுல ஏறுனா, அந்தச் சொட்டும் பின்பக்கம் ஓடிரும். மோட்டாரு காத்தைத்தான் குடிக்கும். சமதளத்துக்கு உருட்டி ஆறப் போட்டா மறுபடி கெளம்பாம என்ன செய்யும்? மூணு வருஷமாப் பட்டினி போட்டுட்டு, என்கிட்ட வந்து வைத்தியம் கேட்டிருக்கீங்க."

காருக்குள் இருந்த ஒருவரும் சிரிக்கவில்லை. சண்முகவள்ளி மட்டும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சேனாதிபதி சாலையைப் பார்த்தபடி இருந்தார். வாயில்லாத ஜீவன் என்று மூன்று வருஷமாக முதுகு துடைத்துவிட்டதையும், அதன் வயிற்றைக் காயப் போட்டதையும் அவர் நினைத்திருக்க வேண்டும்.

"சொல்லியிருக்கலாம்ல சுப்பு" என்றார் மெல்ல.

"நீங்க கேட்டிருக்கலாம்ல அண்ணே."

பள்ளங்கிக்கு அவர்கள் வந்து சேர்ந்தபோது நாலரை மணிதான். வீடு பூட்டிக் கிடந்தது. ஆரத்தி எடுக்க வேண்டிய அன்னக்கொடி, சேனாதிபதியின் தங்கை, அடுத்த வீட்டுக்காரி, இன்னும் கேரட் தோட்டத்தில் இருந்தாள். அண்ணன் மலையேறி வர எவ்வளவு நேரமாகும் என்று அவளுக்கு மூன்று வருஷப் பழக்கம். விளக்கு வைத்த பிறகு வந்தால் போதும் என்று இருந்துவிட்டாள். ஆரத்தி எடுக்காமல் பிள்ளைத்தாய்ச்சி இறங்கி உள்ளே போகக் கூடாது. ஆகவே லாவண்யா தாய்வீட்டு வாசலில் காருக்குள்ளேயே உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரித்தாள். பழனிமுத்துவுக்கும் ஒரு வாழையிலையில் புளியோதரை போனது.

அன்னக்கொடி மண் கையோடு வரப்பில் ஓடிவந்தாள். "ஏண்ணே, இது என்ன அநியாயம்? இப்பவே வந்து நின்னா எப்படி? வண்டி நிக்கலியா?"

"வெரசா ஆரத்தியைக் கரைச்சுட்டு வாத்தா. பிள்ள உக்காந்திருக்கா."

கோகுலின் போன் அடித்தது. முருகவேல். கோகுல் "மாமாகிட்டயே கேளுங்கப்பா" என்று போனைச் சேனாதிபதியிடம் நீட்டினான்.

"சம்பந்தி, எங்க இருக்கீங்க? எத்தனாவது தடவ?"

"வீட்டுக்கு வந்துட்டோம்ங்க."

அந்தப் பக்கம் கடையில் யாரோ கற்பூரம் கேட்பது கேட்டது. பிறகு முருகவேல் எச்சரிக்கையாகக் கேட்டார். "டாக்ஸியிலயா?"

சேனாதிபதி திரும்பிப் பார்த்தார். லாவண்யா பின்சீட்டில் காலை நீட்டிச் சாய்ந்து, விரல்களை நக்கிக்கொண்டிருந்தாள். அசையும்போதெல்லாம் வளையல்கள் சத்தமிட்டன.

"எங்க வண்டியிலதாங்க. உங்க மகன் வயிறார ஊத்திவிட்டாரு. எனக்குத்தான் தெரியாமப் போச்சு."