கோடு மேலே போனால் தண்ணீர் கீழே

தொண்ணூற்றொன்றில் எனக்கு இருபத்தாறு வயது. சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தில் நிலத்தடி நீரைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். ஆராய்ச்சி என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். மாதம் ஒருமுறை ஸ்ரீபெரும்புதூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, வாடகை சைக்கிள் எடுத்து, மண்ணூர்ப் பக்கத்துக் கிணறுகளில் அளவுநாடாவை இறக்கி, தண்ணீர் எத்தனை அடி கீழே இருக்கிறது என்று நோட்டில் எழுதிக்கொள்வேன். அவ்வளவுதான்.

கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கும் வயசுப் பெண்ணை ஊர் சும்மா விடுமா? முதல் மாதமே ஒருவர் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தார். "யம்மா, எதுவா இருந்தாலும் பேசிக்கலாம். நீ மொதல்ல இந்தப் பக்கம் வா!" நான் நாடாவைத் தூக்கிக் காட்டியும் நம்பவில்லை. டீக்கடை வரை கூட்டிக்கொண்டு போய், டீ வாங்கிக் கொடுத்து, "படிப்பு போனா போவுது, உயிரு முக்கியம்" என்று சொல்லி அனுப்பினார்.

மூன்று வருஷம் இப்படி ஓடியது. நோட்டு நிறைந்ததும் என் பேராசிரியரிடம் கொண்டுபோனேன். அவர் பக்கங்களைப் புரட்டிவிட்டுக் கேட்டார்: "அவங்க கிணத்தை மூணு வருஷமா எட்டிப் பார்த்திருக்கே. என்ன தெரிஞ்சதுன்னு அவங்ககிட்ட சொன்னியா?"

சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றே எனக்குத் தோன்றியதில்லை.

அடுத்த மாதம் ஒன்றிய அலுவலகத்தில் ஒரு கூட்டம் இருந்தது. புதிதாக வரப்போகும் தொழிற்சாலைக்கு ஆழ்துளைக் கிணறு எங்கே போடுவது என்று பேசப்போகிறார்கள். அதில் எங்களுக்கும் கொஞ்ச நேரம் வாங்கியிருந்தார் பேராசிரியர். "அதுக்கு முன்னாடி ஊர்ல சொல்லிடு" என்றார்.

மண்ணூரில் எனக்குத் தெரிந்தவர் பள்ளிக்கூடத்துச் சத்துணவு அமைப்பாளர். என்னைவிட நாலைந்து வயது மூத்த பெண். பள்ளிக் கிணற்றை அளக்கும்போதெல்லாம், "இன்னா மேடம், கொறஞ்சிதா ஏறுச்சா?" என்று கேட்பார். சனிக்கிழமை காலை பள்ளிக்கூடத்தைத் திறந்து வைத்து, ஆட்களைக் கூட்டுவதாக அவர் சொன்னார். எப்படிக் கூட்டினார் என்பது அன்று போன பிறகுதான் தெரிந்தது. டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிற அம்மா வருகிறார் என்று அவர் சொன்னது, தெருத் தாண்டுவதற்குள் டாக்டரம்மா வருகிறார் என்று ஆகிவிட்டது. வாசலில் முப்பது பேர். பாதிப்பேர் கையில் மருந்துச் சீட்டு. ஒரு பெரியவர் வேட்டியை முழங்காலுக்கு மேலே ஏற்றிக்கொண்டு, "இங்கதாம்மா குத்துது" என்று காலை நீட்டினார்.

"நான் அந்த டாக்டர் இல்லைங்க. தண்ணி டாக்டர்" என்றேன்.

"ஓ, நீர்க்கடுப்பா? அதுவும் கீது" என்றார்.

ஒருவழியாக எல்லோரையும் உட்கார வைத்தேன். இரண்டு நாள் உட்கார்ந்து வரைந்த சார்ட்டைக் கரும்பலகையில் மாட்டினேன். கீழே வருஷங்கள். பக்கவாட்டில் தண்ணீர் இருக்கும் ஆழம். சிவப்பு ஸ்கெட்ச் பேனாவில் கோடு இடது மூலையிலிருந்து அழகாக மேலேறிப் போனது. ஆழம் கூடக்கூடக் கோடு ஏறும். எனக்கு அது பட்டப்பகல் மாதிரித் தெளிவு.

"இதுதாங்க உங்க ஊர் தண்ணியோட நிலைமை" என்று கோட்டின் மேல் குச்சியை ஓட்டினேன்.

கூட்டம் கைதட்டியது. முழங்கால்காரர் எழுந்து கும்பிட்டார். "நல்ல சேதி சொன்னம்மா! இன்னும் ஏறட்டும்!"

இல்லை, இது நல்ல சேதி இல்லை, கோடு மேலே போனால் தண்ணீர் கீழே போகிறது என்று அர்த்தம் என்றேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சத்துணவு அமைப்பாளர் எழுந்து சார்ட் பக்கத்தில் வந்தார்.

"இன்னா மேடம் இது? கீழ போறத மேல போவுதுன்னு போட்டா யாருக்குப் புரியும்? எங்க வூட்டுக்காரரு கணக்கு மாதிரி கீது!"

கூட்டம் சிரித்த சிரிப்பில் நானும் சிரித்துவிட்டேன். அழுகையை அடக்க அது ஒன்றுதான் வழி. அவர் என்னை விடவில்லை. கையைப் பிடித்து வெளியே பள்ளிக் கிணற்றுக்கு இழுத்துக்கொண்டு போனார். மொத்தக் கூட்டமும் பின்னால் வந்தது. வாளிக் கயிற்றை ராட்டினத்திலிருந்து உருவி என் கையில் கொடுத்தார். இரண்டு இடத்தில் முடி போட்ட தேங்காய் நார்க் கயிறு, அதன் நுனியில் மஞ்சள் நைலான் கயிறு ஒரு துண்டு, அதற்கும் கீழே கிழித்த புடவைக் கரை.

"கயிறு பத்தாம பத்தாம முடி போட்டுகினே கீறோம். நீங்க அந்தக் கோட்டுல சொல்றது இதானே?"

அதேதான். நாடாவை இறக்க மூன்று வருஷமாக ஒதுக்கித் தள்ளிய கயிற்றை அன்றுதான் பார்த்தேன். அங்கேயே நோட்டைப் பிரித்து, ஒவ்வொரு முடிச்சும் எப்போது விழுந்தது என்று அவரைக் கேட்டுக் கேட்டு என் அளவுகளோடு ஒப்பிட்டேன். ஒத்துப்போனது. இரண்டு முடிச்சுகள் என் ஆராய்ச்சி தொடங்குவதற்கு முந்தியவை. அவை என் நோட்டில் இல்லவே இல்லை.

ஒன்றிய அலுவலகத்துக்கு அந்தக் கயிற்றை எடுத்துக்கொண்டு, கூடவே சத்துணவு அமைப்பாளரையும் அழைத்துக்கொண்டு போனேன். பேராசிரியர் கயிற்றைப் பார்த்துவிட்டு, "இதை வெச்சு என்ன பண்ணப் போறே?" என்று கவலையாகக் கேட்டார். ஒரு நுனியை அவர் கையில் கொடுத்தேன். மறு நுனியைப் பிடித்துக்கொண்டு நான் நடந்தேன். அறை போதவில்லை. அதிகாரியின் மேஜையைச் சுற்றி, பீரோவைத் தாண்டி, கதவுக்கு வெளியே வராந்தா வரை போனேன். அங்கிருந்து, "சார், இவ்வளவு கீழே இருக்கு!" என்று கத்தினேன். உள்ளே யாரோ சிரித்தார்கள். அதிகாரியேதான்.

நான் திரும்பி வருவதற்குள் பக்கத்தில் இருந்த பொறியாளர், "மழை குறைஞ்ச வருஷத்துல இப்படித்தான் இருக்கும் சார்" என்றார்.

நான் நோட்டைத் தேடுவதற்குள் சத்துணவு அமைப்பாளர் நைலான் முடிச்சைத் தூக்கிப் பிடித்தார். "சார், இது என் தங்கச்சி கல்யாணத்துக்கப்புறம் போட்டது. கல்யாணத்தப்ப ஏரி ரொம்பி வழிஞ்சிது. பந்தலே நனைஞ்சி போச்சி. அதுக்கப்புறம் வந்த கோடைலயே கயிறு எட்டல. மழை பெஞ்சும் எட்டலன்னா இன்னா அர்த்தம்?"

அதிகாரி கயிற்றைக் கையில் வாங்கி முடிச்சு முடிச்சாகத் தடவிப் பார்த்தார். பள்ளிக் கிணற்றிலிருந்து எவ்வளவு தூரத்தில் துளை போடப்போகிறார்கள் என்று பொறியாளரைக் கேட்டார். கூப்பிடு தூரம் என்று தெரிந்ததும் வரைபடத்தை எடுக்கச் சொன்னார். துளை ஏரிக்கு அந்தப் பக்கம் மாற்றப்பட்டது. மாதாமாதம் அலுவலகமே கிணறுகளை அளக்கும் என்றும் முடிவானது. அது இரண்டு மாதம் நடந்தது.

வெளியே வந்ததும் பேராசிரியர் கையை உதறிக்கொண்டார். நார் உரசி உள்ளங்கை சிவந்திருந்தது. "எழுதும்போது அந்தம்மாவுக்கு நன்றி சொல்ல மறந்துடாதே" என்றார். சத்துணவு அமைப்பாளருக்கு நன்றி பெரிதாகப் படவில்லை. "அதெல்லாம் இருக்கட்டும். நீங்க எழுதுறத எங்களுக்குத் தமிழ்ல எழுதிக் குடுங்க" என்றார்.

நாலு பக்கம். ஆங்கிலத்தில் முந்நூறு பக்கம் எழுதியவள் அந்த நாலு பக்கத்துக்கு ஒரு மாதம் திண்டாடினேன். எழுதி எடுத்துக்கொண்டு போனபோது, அவர் சமையல்கட்டு வாசலில் நின்று சத்தமாகப் படித்தார். சாம்பாரைக் கிளறிக்கொண்டே சமையல் ஆயா காதுகொடுத்துக் கேட்டார். இரண்டாம் பக்கத்தில் அமைப்பாளர் நிறுத்தினார்.

"மேடம், 'நீர்ப்பிடிப்புப் பகுதி'ன்னா இன்னா?"

சொன்னேன்.

"ஏரிக்குத் தண்ணி வர்ற எடம்னு போடுங்க" என்று காதில் செருகியிருந்த பேனாவை எடுத்து நீட்டினார். அடித்துவிட்டு எழுதிக் கொடுத்தேன். அவர் மூன்றாம் பக்கத்துக்குப் போனார்.