சங்கு ஊதியதும் வந்த முப்பத்தெட்டு பதிவுகள்

என் ஆராய்ச்சிக் கட்டுரைக்குக் கிடைத்த மதிப்பெண் மூன்று. அதில் ஒன்று நானே போட்டுக்கொண்டது.

நினைவிழந்து படுத்திருப்பவர்களுக்குப் பழகிய பாட்டைக் கேட்க வைத்தால் உள்ளுக்குள் ஏதாவது விழிக்கிறதா என்பதுதான் ஆராய்ச்சி. ஊட்டியிலும் குன்னூரிலும் ஆஸ்பத்திரிக் கட்டில்களுக்குப் பக்கத்தில் இரண்டு வருடம் உட்கார்ந்து எழுதினேன். இப்படிப்பட்ட கட்டுரைகளைப் பற்றி இணையத்தில் எத்தனை பேர் பேசுகிறார்கள் என்று எண்ணி மதிப்பெண் போட ஒரு தளம் இருக்கிறது. பொதுவில் யாராவது இணைப்போடு நாலு வார்த்தை எழுதினால் ஒன்று ஏறும். படித்துவிட்டு எழுதினார்களா என்று அது கேட்பதில்லை.

என்னுடையது திட்ட வேலை, மார்ச்சோடு முடிகிறது. நீட்டிப்பு கேட்கும் அறிக்கையில் அந்த மதிப்பெண்ணையும் எழுத வேண்டும். மூன்று என்று எழுத எனக்குக் கை வரவில்லை. வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். எல்லோர் என்றால் என் கணவர் ஒருவர்தான்.

"ஏங்கண்ணு, எத்தன பேரு எழுதோணும்?" என்று கேட்டார்.

"ஊரே எழுதுனாலும் பத்தாதுங்க" என்றேன் கடுப்பில்.

மனுஷன் அதை உத்தரவாக எடுத்துக்கொண்டார். இரண்டு நாள் கழித்து ஒரு சாயங்காலம் மதிப்பெண் நாற்பதைத் தாண்டியது. தலைகால் புரியவில்லை எனக்கு. மறுநாள் காலையில் அது பழையபடி மூன்று. பத்து மணிக்குத் திட்டத் தலைவி அழைத்தார்.

"முப்பத்தெட்டு பேர், ஒரே வாசகம், அஞ்சே நிமிஷத்துல. போலிக் கணக்குன்னு தூக்கிட்டாங்க. ஆள் வெச்சு ஏத்துனியாம்மா?"

நடந்தது இதுதான். என் கணவருக்கு வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை. உள்ளே யாரும் போன் கொண்டுபோகக் கூடாது, கேட்டில் இருக்கும் பெட்டியில் வைத்துவிட வேண்டும். இவர் சாப்பாட்டு நேரத்தில் ஒரே வாசகத்தையும் கட்டுரையின் இணைப்பையும் துண்டுச் சீட்டுகளில் எழுதி எல்லோருக்கும் கொடுத்திருக்கிறார். ஷிப்ட் முடிந்து சங்கு ஊதியதும் அத்தனை பேரும் போனை வாங்கி, கேட்டிலேயே குளிரில் நின்று, சீட்டைப் பார்த்துப் பதிவு போட்டுவிட்டுத்தான் பஸ் ஏறியிருக்கிறார்கள். முப்பத்தெட்டு நல்ல மனிதர்கள்! பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

அன்று அவரை விட்டுவைக்கவில்லை நான். "என்ற வேலையே போகப் போவுதுங்க. அந்தக் கட்டுரைல என்ன இருக்குதுன்னாவது தெரியுமாங்க உங்களுக்கு?"

அவர் கேத்திப் பக்கம் விளைந்த கேரட்டை மண் போகக் கழுவிக்கொண்டிருந்தார். திரும்பாமலே கேட்டார்.

"ஏழாவது நோயாளி, மொத ரெண்டு நாளும் பாட்டுக்கு வெரல அசைச்சுச்சு, மூணாம் நாளு அதே பாட்டுக்கு அசையவே இல்லீன்னு எழுதியிருக்கறயே. அன்னைக்கு பக்கத்துல ஆரு இருந்தாங்க?"

முழுதும் இங்கிலீஷில் இருக்கும் கட்டுரை. வார விடுமுறைகளில் போனில் அகராதி பார்த்துப் பார்த்துப் படித்திருக்கிறார், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல். பிரசுரத்துக்கு முன் அதைச் சரிபார்த்த இரண்டு பேராசிரியர்களும் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

என் நோட்டைப் புரட்டினேன். முதல் இரண்டு நாளும் அந்த அம்மாவின் மகள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் நாள் எஸ்டேட்டில் லீவு கிடைக்காமல் கொழுந்து பறிக்கப் போய்விட்டாள். பாட்டைப் போட்டது நர்ஸ். அப்படியானால் அசைத்தது பாட்டா, மகளா? என் கண்ணுக்கு அது படவே இல்லை. முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு கேரட்டும் கையுமாக நின்ற அந்த மனுஷன் மேல் பொங்கிக்கொண்டு வந்தது பாசம்.

அறிக்கையில் மதிப்பெண் மூன்று என்றே எழுதினேன். தொழிற்சாலை கேட்டில் நடந்ததை ஒளிக்காமல் எழுதினேன். அடுத்து ஆராய வேண்டியது என்று அந்தக் கேள்வியை எழுதினேன், அது என்னுடையது அல்ல என்ற குறிப்போடு.

மார்ச் கடைசியில் தலைவி அழைத்தார்.

"ஆறு மாசம் நீட்டிச்சிருக்கு. அந்தக் கேள்விக்காகத்தான். கேட்டது யாரும்மா?"

"எங்க ஊட்டுக்காரருங்க மேடம்."

"அப்படியா, அவர் எந்தத் துறை?"

"வெடிமருந்துங்க" என்றேன்.