ரயிலின் அடியில் என் நம்பர்

திருநின்றவூரில் என் வீட்டு டி.வி. ஸ்டாண்டின் மேல் ஒரு நீராவி ரயில் இன்ஜின் நிற்கிறது. முழங்கை நீளம்தான் இருக்கும். பித்தளை பாய்லர், பச்சை பெயின்ட், சிவப்புச் சக்கரங்கள். வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் அதைத்தான் பார்க்கிறார்கள். நீங்களே செய்ததா என்று கேட்கிறார்கள். நான் பதில் சொல்வதற்குள் என் மனைவி காபி போட உள்ளே போய்விடுவாள். போகும்போது என்னை ஒரு பார்வை பார்ப்பாள். அதைச் செய்தது அவள் தங்கையின் புருஷன், அதாவது என் சகலை.

கும்மிடிப்பூண்டியில் நான் வேலை பார்த்த கம்பெனியில் மெயின்டனன்ஸ் பிரிவுக்கு அவனைக் கூட்டிவந்து சேர்த்தவன் நான்தான். அதற்கு முன் பழவேற்காட்டில் படகு இன்ஜின் ரிப்பேர் செய்துகொண்டிருந்தான். நான் பர்மனென்ட், அவன் கான்ட்ராக்ட். எனக்கு நீலச் சட்டை, டோக்கன் நம்பர் 417. அவனுக்குச் சட்டையும் இல்லை, நம்பரும் இல்லை. கான்ட்ராக்டர் நோட்டில் பெயர் எழுதிப் பின்பக்கக் கேட் வழியாக உள்ளே விடுவார்கள். ஏழு வருடம் அப்படியே போய்வந்தான்.

எங்கள் ஜி.எம். சாருக்கு ரயில் பைத்தியம். நிஜமாகவே நெருப்பு வைத்து, ஆவியில் ஓடுகிற பொம்மை இன்ஜின் கிட் ஒன்றை எங்கிருந்தோ செகண்ட் ஹேண்டில் வாங்கிவந்தார். யாரோ பாதி கட்டி, கெடுத்து, கைவிட்டது. ஊரார் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்பதுபோல், கம்பெனி ஆளையும் கம்பெனி நேரத்தையும் போட்டு அதைச் சரி செய்யச் சொன்னார். ஆயுத பூஜைக்குச் சேர்மன் வருகிறார், அவர் முன்னால் ஓட வேண்டும் என்றார். அந்த வருடம் எங்கள் பிரிவில் ஒரு கான்ட்ராக்ட் ஆளைப் பர்மனென்ட் ஆக்குவதாகப் பேச்சு இருந்தது. யார் என்று முடிவு செய்வது ஜி.எம்.தான். இந்த வேலையில் சகலையைக் காட்டிவிட்டால் போதும் என்று நினைத்தேன். அன்றைக்கு உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்.

பெட்டியைத் திறந்தால் எல்லாம் பச்சைக் களிம்பு பிடித்துக் கிடந்தது. முதலில் நான்தான் உட்கார்ந்தேன். இரண்டு வாரம் சிலிண்டரை மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தேய்தேய் என்று தேய்த்தேன். கம்ப்ரசர் காற்று கொடுத்தால் அரைச் சுற்று சுற்றி நின்றுவிடும். சகலை ஒரு மத்தியானம் சாப்பிட்ட கையைத் துடைத்துக்கொண்டு வந்து, ஸ்க்ரூ டிரைவர் முனையை இன்ஜின் மேலும் பிடியைக் காதிலும் வைத்து, சக்கரத்தை விரலால் மெதுவாக உருட்டினான். பிறகு சிரித்தான்.

"ரெண்டு காலையும் ஒண்ணா தூக்கினா எப்டிண்ணா நடக்கும்?"

இடது பக்கச் சக்கரமும் வலது பக்கச் சக்கரமும் கால் சுற்று தள்ளி இருக்க வேண்டும். பழைய ஆள் இரண்டையும் ஒரே வாக்கில் மாட்டியிருந்தான். அதனால் இரண்டு பிஸ்டனும் ஒரே நேரத்தில் முட்டி நின்றன. இது எனக்குத் தெரியவில்லை. பாய்லரையும் ரேடியோ ரிப்பேருக்கு வைக்கிற ஈயத்தால் ஒட்டியிருந்தார்கள். தீ வைத்தால் உருகி ஓடியிருக்கும். சகலை அவ்வளவையும் சுரண்டி எடுத்து, தீக்கு இளகாத வெள்ளிப் பற்று வைத்து ஊதினான். தண்ணீர் நிரப்பிக் கைப்பம்பில் அழுத்தம் ஏற்றி, ஒரு சொட்டுக் கசியவில்லை என்று விரலால் தடவித் தடவிப் பார்த்தான். நான் பெயின்ட் அடித்தேன். அவ்வளவுதான் என் பங்கு.

எங்கள் ஒர்க்ஷாப்பில் ஒரு வழக்கம். எந்தச் சாமான் வெளியே போனாலும் செய்தவன் தன் டோக்கன் நம்பரை அதில் பஞ்ச் அடிக்க வேண்டும். நம்பர் இல்லாத சாமானை இன்ஸ்பெக்ஷனில் தொடவே மாட்டார்கள். பொம்மைக்கு எதற்கு என்று நான் யோசித்தேன். சகலைதான் பஞ்சை எடுத்துக் கொடுத்தான். "வழக்கத்த இன்னாத்துக்கு உடற, உன் நம்பரே அடிண்ணா" என்றான். அடித்தேன். அதில் ஒரு தப்பும் இல்லை. தப்பு அப்புறம்தான் வந்தது.

ஆயுத பூஜை அன்று மிஷின்களுக்கெல்லாம் சந்தனம், குங்குமம். பர்மனென்ட் ஆட்களுக்கு ஸ்வீட் பாக்ஸும் எவர்சில்வர் வாளியும். கான்ட்ராக்ட் ஆட்கள் பொரிப் பொட்டலத்தோடு ஷெட்டின் கடைசியில் நின்றார்கள். வட்டமாகப் போட்ட தண்டவாளத்தில் இன்ஜின் பஸ் பஸ்ஸென்று ஆவி விட்டுக்கொண்டு பதினோரு சுற்று ஓடியது. எல்லாரும் கை தட்டினார்கள். ஆறியபின் சேர்மன் அதைத் தூக்கி, திருப்பி, அடியில் பார்த்தார். யார் இந்த 417 என்று கேட்டார்.

சகலை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். இதை நான் கற்பனையாகச் சொல்லவில்லை, பார்த்தேன். ஒரு வார்த்தை போதும். பின்னால் நிற்கிறானே, அவன் செய்தது சார். இவ்வளவுதான். சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"நான்தான் சார்" என்றேன்.

சேர்மன் கை கொடுத்தார். ஜி.எம். தோளில் தட்டினார். அடுத்த மாதம் நான் சூப்பர்வைசர் ஆனேன். பர்மனென்ட் ஆர்டர் வேறு யாரோ ஒருவனுக்குப் போனது. பொங்கலுக்குப் பிறகு கான்ட்ராக்டர் மாறியபோது சகலையின் பெயர் புது நோட்டில் ஏறவில்லை. வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தீர்கள் என்று மனைவி கேட்டாள். கொழுக்கட்டை இல்லை. ஆசை. அதை அவளிடம் இன்றுவரை சொல்லவில்லை.

பூஜை முடிந்து ஸ்டேஷனுக்கு நடக்கும்போது அவனிடம் ஏதோ சமாதானம் சொல்லப் போனேன். அவன் பொரியை மென்றுகொண்டே நடந்தான்.

"நீ பொய் ஒண்ணும் சொல்லலண்ணா. நம்பரு உன்னுதுதானே" என்றான்.

திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

போன வருடம் நான் ரிட்டயர் ஆனபோது கம்பெனியில் மாலை போட்டு, ஜி.எம். ஆபீஸ் கண்ணாடி அலமாரியில் விட்டுப்போயிருந்த இந்த இன்ஜினையே எடுத்துப் பரிசாகக் கொடுத்தார்கள். செய்தவனிடமே சேரட்டும் என்று மைக்கில் சொன்னார்கள். நான் கும்பிட்டு வாங்கிக்கொண்டேன்.

சகலை இப்போது தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனியில் செக்யூரிட்டி. உள்ளே போகிறவர்களின் டோக்கனைப் பார்த்துக் கேட்டைத் திறந்துவிடுகிறான். போன மாதம் மகள் கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தான். இன்ஜினைப் பார்த்தான். எடுத்து, சக்கரத்தை விரலால் ஒரு சுற்று உருட்டி, காதருகே வைத்துக் கேட்டான். திருப்பி அடியில் பார்க்கவில்லை. எண்ணெய் விடாமல் வைத்திருக்கிறேன் என்று மட்டும் குறைசொல்லி, இருந்த இடத்திலேயே வைத்தான்.

அவன் போனபிறகு அரத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 417 என்பதை ராவி எடுக்க ஐந்து நிமிஷம் கூட ஆகாது. இன்ஜினைக் கவிழ்த்துத் துண்டின் மேல் வைத்து, அரத்தை அந்த எண்ணின் மேல் வைத்தும்விட்டேன். அப்புறம்தான் தோன்றியது. எடுத்துவிட்டால் அந்த இடத்தில் அடிப்பதற்கு அவனுக்கு ஒரு நம்பர் கிடையாது.