பின்சீட்டு எலுமிச்சம்பழம்

தொண்ணூறுகளின் கடைசியில் நாங்கள் வாங்கிய காரில் பெட்ரோல் நாற்றம் ஓயவே இல்லை. என் மனைவி எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டுதான் பின்சீட்டில் வருவாள். எந்த மெக்கானிக்குக்கும் கோளாறு பிடிபடவில்லை. அவள் இறந்த பிறகுதான் இரும்புலியூரில் ஒருவர் கண்டுபிடித்தார். டேங்கிலிருந்து வரும் பெட்ரோல் ஆவியை எஞ்சினுக்குள் விடும் வால்வு கெட்டிருந்தது. புதிதாக மாற்றினார்.

நாற்றம் போய்விட்டதா என்று உள்ளே ஏறிப் பார்த்தவர், சீட்டுக்கு அடியிலிருந்து காய்ந்து கறுத்த எலுமிச்சம்பழம் ஒன்றை எடுத்தார்.

"இன்னா சார் இது, குப்ப மாதிரி கீது. தூக்கிப் போட்றவா?"

"வால்வ மாத்தியாச்சுல்ல? அதோட விடுங்க," என்று எரிந்து விழுந்தேன்.

பழத்தை வாங்கிப் பின்சீட்டிலேயே வைத்தேன். வழியெல்லாம் அது உருண்டுகொண்டே வந்தது. குமட்டுகிறது, மெதுவாகப் போங்கள் என்று சொல்ல ஆளில்லை. மெதுவாகத்தான் ஓட்டினேன்.